நாற்காலியோடு சேர்த்து எடை போட்டார்கள்

"அம்மாக்களுக்கு எப்பவுமே பிள்ளை மெலிஞ்சுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அந்த டாக்டர் சிரித்தார். பக்கத்தில் நின்ற நர்ஸும் சிரித்தார். அந்த அறையில் சிரிக்காத ஆள் நான் ஒருத்திதான். யாரைப் பற்றிப் பேச்சோ, அந்த மகள் அறையிலேயே இல்லை. அவளுடைய சக்கர நாற்காலி அந்தக் கதவுக்குள் நுழையாது. வெளியே வராந்தாவில் அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தால் காது மடல் சூடாகிவிடும். போன வருஷத்தில் பாதி நாள் அது ஆறவேயில்லை. இதை எழுதும்போது தொட்டுப் பார்த்தேன், இப்போதும் சூடாகத்தான் இருக்கிறது.

என் இளைய மகளுக்குப் பதினாறு வயது. பிறந்ததிலிருந்தே நிற்க, நடக்க வராது. கூடவே வலிப்பும் உண்டு. எங்கள் பக்கம் ஃபிட்ஸ் என்றே சொல்வோம். அவளுக்கு வாயில் வருகிற சொல் ஒன்றே ஒன்று, 'க்கா'. அது அவளுடைய அக்காவைக் கூப்பிடுகிற சொல். மற்றதெல்லாம் கண்ணும் முகமும்தான். சரி என்றால் கண்ணை மேலே ஏற்றுவாள். வேண்டாம் என்றால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். இட்லித் தட்டைக் கொண்டுபோனால் சுவரைப் பார்ப்பாள், ரசம் சோறு என்றால் கண் மேலே போகும். டிவியில் பிடிக்காத நாடகம் ஓடினால் தெருமுனை வரைக்கும் கேட்கும்படி கத்துவாள். கோபத்தில் என்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். "பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று யாராவது சொன்னால் அவர்களை அவள் ஒரு பார்வை பார்ப்பாள். சொன்னவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அக்காவுக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம். சோறு ஊட்டுவது, தலை பின்னுவது, அவள் கத்துவதற்கு அர்த்தம் சொல்வது எல்லாம் அக்காதான். எனக்கே புரியாததை மூத்தவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட நாட்கள் உண்டு.

குச்சனூரில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் வாழை போடுகிறவர். நான் பி.காம். படித்துவிட்டு, தேனியில் ஒரு காய்கறி மண்டியில் பில் போடுகிறேன். நரம்பு டாக்டர் மதுரையிலிருந்து தேனிக்கு வருவது சனிக்கிழமை மட்டும். சனிக்கிழமை என்றால் எங்கள் ஊர்ப் பஸ் முழுக்க சனீஸ்வரனைக் கும்பிட வருகிற கூட்டம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது நாற்காலியை மடக்கி ஏற்றி, மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், யாராவது ஒருவர் கட்டாயம் ஆரம்பிப்பார்கள். "ஒரு தடவ குச்சனூருக்குக் கூட்டிட்டு வந்து எள்ளு வெளக்குப் போடுங்கம்மா, சரியாப் போயிரும்."

"நாங்க குடியிருக்கிறதே அங்கனதாம்மா" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அந்த அம்மா சின்னமனூர் தாண்டும் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஃபிட்ஸ் மாத்திரையை உடம்பு எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்ததே அந்த ஆஸ்பத்திரிதான். ஆனால் என் மகளை எடை பார்க்க அங்கே வழியே கிடையாது. இருப்பது ஏறி நிற்கிற மெஷின். நிற்க முடிந்தவர்களுக்கு மட்டும்தான் எடை. கைக்குழந்தையாக இருந்தவரை தொட்டில் மாதிரி ஒரு தராசில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம், நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்து, "இருபத்தஞ்சு போட்டுக்கவா?" என்று என்னிடமே கேட்டு எழுதிக்கொள்வார். நான் தூக்கிக்கொண்டு ஏறி நிற்கிறேன், பிறகு என்னை மட்டும் பாருங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "மெஷின் ஆடும்மா, சரியாக் காட்டாது" என்று முடித்துவிடுவார்கள். அதற்குள் பின்னாலிருந்து அடுத்த டோக்கன்காரர் இடிப்பார். ஒரு ஆட்டுக்குட்டியைச் சந்தையில் விற்பதென்றாலும் இப்படிக் கண்ணால் பார்த்து எடை சொல்லிவிட்டுப் போக முடியாது.

போன வருஷம் அதே ஆஸ்பத்திரி ஒரு கல்யாண மண்டபத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு முகாம் வைத்தது. வாசலில் பேனர், உள்ளே மாலை, மேடையில் ஆள் மாற்றி ஆள் பேச்சு. அன்றைக்கு எங்கிருந்தோ ஒரு பெரிய மேடைத் தராசைக் கொண்டுவந்து தரையில் போட்டிருந்தார்கள். நான் அடையாள அட்டை புதுப்பிக்கிற வரிசையில் நின்றேன். மகளைத் தள்ளிக்கொண்டு போய் எடை பார்த்தது அவள் அப்பா. ஒருவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, தள்ளியிருந்த மேஜையில் ஒரு பெண் எழுதியிருக்கிறாள். நாற்பத்தாறு கிலோ.

அங்கேயே இருந்த நம் நரம்பு டாக்டர் நோட்டைப் பார்த்தார். "வெயிட் நல்லாக் கூடியிருக்கே, டோஸையும் கூட்டணும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என் முறை வந்து, அட்டையை வாங்கி, நான் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

புது அளவு ஆரம்பித்த ஒரே வாரத்தில் மகள் தூங்க ஆரம்பித்தாள். அதைத் தூக்கம் என்று சொல்லக்கூடாது. கண் திறந்தால் அது நம் மேல் நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். வாயில் வைத்த சோறு வாயிலேயே இருக்கும். இட்லியைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், முகத்தைத் திருப்பவில்லை. இட்லியை எதிர்க்காத என் மகளை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன், பயந்துவிட்டேன். அக்கா முன்னால் வந்து நின்று கைதட்டிக் கூப்பிட்டாள். 'க்கா' வரவில்லை.

அதைச் சொல்லத்தான் அந்தச் சனிக்கிழமை போனேன். "நாப்பத்தாறு கிலோ இருக்க மாட்டா சார். தெனமும் நான்தான தூக்குறேன். பாவாடையக்கூட நாடாவ இறுக்கித்தான் கட்டுறேன்" என்றேன். அப்போதுதான் அவர் அம்மாக்களைப் பற்றிய அந்த நகைச்சுவையைச் சொன்னார்.

"தூங்கிக்கிட்டே கெடக்கா சார். வெளிய வந்து ஒரு நிமிசம் பாருங்க."

"ஃபிட்ஸ் வந்துச்சா?"

"வரல சார்."

"அப்புறம் என்னம்மா? அதானே வேணும்?"

எழுந்து பத்தடி நடந்தால் அவளைப் பார்த்திருக்கலாம், அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த தடவையும் அதேதான். அதற்கடுத்த தடவை, "பேஷன்ட வெயில்ல அலைய விடாதீங்க, வீட்லயே விட்டுட்டு நீங்க மட்டும் வந்தாப் போதும்" என்று எனக்குச் சலுகை வேறு கொடுத்தார்.

நானே மாத்திரையைக் குறைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு ஆறு வயதில் பார்த்திருக்கிறேன். உதடு நீலமாகி, மூச்சு வரும் வரைக்கும் நான் நின்ற நிற்பு எனக்குத் தெரியும். அந்தத் தைரியம் எனக்கு வராது, வரவும் வேண்டாம். வீட்டில் நாங்கள் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தால் அப்புறம் டாக்டர் எதற்கு?

மூத்தவள் கல்யாணம் அதற்கு நடுவில் வந்தது. மாப்பிள்ளை வீடு குமுளிக்கு அந்தப் பக்கம், ஏலக்காய் யாவாரம். பேச்சு முடிந்த நாளிலிருந்து மூத்தவள் தங்கச்சியிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன நிறத்தில் பாவாடை, தலையில் எவ்வளவு பூ, மேடையில் தனக்குப் பக்கத்தில் எங்கே நாற்காலி என்று. சின்னவள் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மேலே ஏற்றி ஏற்றி, கழுத்தே வலித்திருக்கும். இதெல்லாம் முகாமுக்கு முந்தி.

கல்யாணத்தன்றைக்கு அவளுக்கு அரக்குப் பட்டுப் பாவாடை கட்டி, மல்லிகையும் கனகாம்பரமும் வைத்து, மேடையில் கொண்டுபோய் உட்கார்த்தினோம். தலை தொங்கிவிட்டது. துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கு முட்டுக் கொடுத்தோம். கெட்டிமேளம் முழங்கி, மண்டபமே எழுந்து அட்சதை போட்டது. அவள் இமைகூட அசையவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும்போது மூத்தவள் காருக்குள் ஏறாமல் திரும்பி வந்து, தங்கச்சி முன்னால் மண்டியிட்டு, "ஏடி, முழிச்சுப் பாருடி, அக்கா போறேன்டி" என்று கன்னத்தைத் தட்டினாள். தலை மறுபக்கம் சரிந்தது. கார் போய்விட்டது.

என் நாத்தனார் அப்போது என் காதருகில் வந்து, "நல்ல வேள ஆத்தா, சபையில சத்தம் போடாமத் தூங்கிருச்சு. சாமிதான் காப்பாத்துச்சு" என்றார். நல்ல மனுஷிதான். ஆனால் அன்றைக்கு அவரிடம் நான் பேசியதை அவர் இன்னும் மறக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அப்புறம் ஒரு நாள் மண்டியில் ஒரு கேரளா வியாபாரி என் மேஜைக்கு வந்து சண்டை பிடித்தார். புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் தக்காளிப் பெட்டிகளின் எடையைக் கழிக்காமல் பில் போட்டுவிட்டார். "இது எந்தா சேச்சி, பெட்டியும் சேத்தோ? நான் பெட்டியா கறி வைக்கப் போறேன்?" என்று கத்தினார். எங்கள் மண்டியில் வழக்கம் இதுதான். தராசில் பெட்டியோடு வைத்து நிறுப்பார்கள், நிறுக்கிறவர் மொத்த எடையைக் கூவுவார், காலிப் பெட்டியின் எடையைக் கழிப்பது பில் மேஜையின் வேலை. தராசடியில் நிற்கிற விவசாயி அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். மேஜை பார்த்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும்.

பில்லைத் திருத்திக்கொண்டிருந்தவள் பாதியில் பேனாவை வைத்துவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"முகாம்ல அவள நாற்காலியோடயா தராசுல ஏத்துனீக?"

"ஆமா. பின்ன நிக்கவா வைக்க முடியும்?"

"நாற்காலி எடைய யாரு கழிச்சாக?"

"அங்கன ஒரு பொண்ணு மேசை போட்டு எழுதிக்கிட்டு இருந்துச்சே. அது கழிச்சுக்கிரும்னு நெனச்சேன். நீ கழிக்கிறதில்லையா?"

முதலில் அவரைத்தான் திட்டினேன், வாய்க்கு வந்தபடி. பிறகுதான் உறைத்தது. வாழ்க்கை முழுவதும் வாழைத்தாரை நிறுக்கப் போட்டுவிட்டு, கழிப்பதை மேஜைக்கு விட்ட மனுஷர். தக்காளிக்குச் செய்கிறதை ஒரு பிள்ளைக்குச் செய்ய மாட்டார்களா என்று நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கையில் என்ன தப்பு?

மறுநாள் ஏலம் ஓய்ந்த பிறகு மகளை மண்டிக்குக் கொண்டுவந்தோம். முதலாளி மறுப்புச் சொல்லவில்லை. முட்டைக்கோஸ் மூட்டைகளை ஒதுக்கித் தராசைக் காலி செய்து கொடுத்தார்கள். நாற்காலியோடு ஒரு தடவை, அவளை என் மடியில் வாங்கிக்கொண்டு வெறும் நாற்காலியை ஒரு தடவை. நாற்காலி பதினெட்டு கிலோ. என் மகள் இருபத்தெட்டு. அழுகிய தக்காளி வாடைக்கு நடுவில் பதினாறு வயதுப் பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. அத்தனை மாதமும் ஒரு இரும்பு நாற்காலிக்கும் சேர்த்து அவள் மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள்.

அந்த மெஷின் சீட்டு அடிக்க வேண்டுமென்றால் பொருளின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பட்டியலில் மனுஷர் இல்லை. 'இதர காய்கறி' என்று போட்டு அடித்தோம்.

சனிக்கிழமை அந்தச் சீட்டை டாக்டர் முன்னால் வைத்தேன். வாசித்துவிட்டு, "இதர காய்கறியா?" என்று சிரித்தார். "மார்க்கெட் வெயிட்ட வச்சு நான் டோஸ மாத்த முடியாதும்மா."

வெளியே போய் மகளை நாற்காலியிலிருந்து அள்ளித் தோளில் போட்டுக்கொண்டேன். வராந்தாவில் இருக்கிற அந்த நிற்கிற மெஷினில் ஏறினேன். நர்ஸ் ஓடிவந்தார். "ஆடும்மா, ஆடும்" என்றார். "ஆடட்டும், படிங்க" என்றேன். அந்த அம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, குனிந்து படித்தார். மகளை அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் தனியாக ஏறினேன். அதையும் படித்தார்.

"இப்பக் கழிங்க" என்றேன், வராந்தா முழுக்கக் கேட்கும்படி. டோக்கனோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கழித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் முந்திக்கொண்டு, "இருபத்தெட்டரை வருதும்மா" என்றார்.

டாக்டர் அப்போதுதான் வாசலுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் தோளில் ஈரத்துணி மாதிரி கிடந்தவளைப் பார்த்தார். இமையை விலக்கிப் பார்த்தார், கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். முகம் மாறியது, அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். உள்ளே போய், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும்படி எழுதிக் கொடுத்தார். "டேட்டா என்ட்ரியில ஒரு சின்ன மிஸ்டேக் நடந்திருக்கு" என்றார். யாருடைய மிஸ்டேக் என்று சொல்லவில்லை. மன்னிச்சுக்கங்க என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. என் மகளுக்கு வருகிற ஒரு சொல்லாவது அவளுக்குத் தேவையான சொல்லாக இருக்கிறது.

ஆஸ்பத்திரி மேனேஜரிடமும் போனேன். நாற்காலி ஏறுகிற தராசு ஒன்று, நாற்காலி நுழைகிற கதவு ஒன்று, வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் சொல்வதை நோட்டில் எழுதுகிற பழக்கம் ஒன்று, இவ்வளவுதான் கேட்டேன். "ஆலோசனைப் பெட்டியில எழுதிப் போடுங்கம்மா" என்றார். பெட்டி இருக்கிறது. பூட்டு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுதிப் போட்டுவிட்டு, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு மனு கொடுத்தேன். தங்கள் மகளுக்கு உரிய சிகிச்சை அளிக்கப்பட்டு வருகிறது என்று பதில் வந்தது. என் மகளுக்கு என்ன நடந்தது என்று என்னைத் தவிர எல்லாரிடமும் விசாரித்திருக்கிறார்கள்.

மாத்திரை குறையக் குறைய அவள் திரும்பி வந்தாள். முதலில் கண் நின்றது. பிறகு ஒரு காலையில் இட்லித் தட்டைப் பார்த்து முகத்தைச் சுவருக்குத் திருப்பினாள். நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன். அன்றைக்குச் சாயங்காலம் வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "க்கா."

யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அக்கா தலை பின்னுகிற நேரம் அது. வீட்டுக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

மூத்தவளுக்கு வீடியோ காலில் போட்டுக் கொடுத்தேன். அக்கா முகத்தைப் பார்த்ததும் சிரித்தாள். போனை வைத்ததும் வாசலைப் பார்த்தாள். போனில் அக்கா இருக்கிறாள், வீட்டில் ஏன் இல்லை? அவளுக்கு இது புரியவேயில்லை. வேறு வழியில்லாமல் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டினேன். மேளம், மாலை, அக்கா, மாப்பிள்ளை. கண் விரியப் பார்த்தாள். தாலி கட்டுகிற இடத்தில் கேமரா ஓரமாகத் திரும்பியபோது, அரக்குப் பாவாடையும் பூவுமாகக் கழுத்தில் துண்டைச் செருகி, வாயில் எச்சில் ஒழுகத் தூங்குகிற ஒரு பெண் தெரிந்தாள். என் மகள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கத்தினாள். அப்படி ஒரு கத்தலை நான் அவளிடம் கேட்டதில்லை.

"ஆமாத்தா, அது நீதான். அக்காவுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு. ஒன்னையத் தூங்க வச்சிட்டாக" என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முகத்தைச் சுவருக்குத் திருப்பியவள் மறுநாள் வரைக்கும் ரசம் சோற்றுக்கும் திரும்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் டோக்கனைக் கூப்பிட்டதும், நாற்காலியை நேராகத் தள்ளிக்கொண்டு போய் டாக்டர் அறையின் வாசலில் முட்டி நிறுத்தினேன். உள்ளே போகாது. ஆனால் வேறு யாரும் உள்ளே போகவோ வெளியே வரவோ முடியாது.

"எப்படிம்மா இருக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னையக் கேக்காதீக சார். அவளுக்கு ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்" என்று சொல்லி, போனில் அந்த இடத்தை ஓடவிட்டு, அவர் பக்கம் திருப்பிப் பிடித்தேன். எழுந்து வந்து பார்த்தார். தாலி கட்டுவதையும், ஓரத்தில் தூங்குகிறவளையும் பார்த்தார். பிறகு நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார். அவள் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கழுத்து ஆட, பல்லைக் கடித்துத் தலையை நிறுத்திக்கொண்டு சொன்னாள். "க்கா."

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. "பரவாயில்லையே, நல்லா முழிச்சுப் பேசுறாளே. வெரி குட்" என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதக் குனிந்தார்.

"அவ பேசல சார், ஒங்களக் கேக்குறா" என்றேன். பின்னால் டோக்கன்காரர்கள் நெருங்கி வந்து நின்றார்கள், இந்தத் தடவை யாரும் இடிக்கவில்லை. அவர் நிமிர்ந்து நாற்காலியை நகர்த்தச் சொன்னார். மகளைக் குனிந்து பார்த்து, "போகலாமாத்தா?" என்று கேட்டேன். அவள் முகத்தைச் சுவருக்குத் திருப்பினாள். நான் நாற்காலியின் பிரேக்கைப் போட்டேன்.